சாணித்தாளில் இல்லை காமிக்ஸின் உயிர்

2012 ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சியில் ‘லயன் கம்பேக் ஸ்பெஷல்’ என்ற மறுவருகை இதழ் நூறு ரூபாய் விலையில் வெளிவந்தது. அன்று தொடங்கிய பேச்சு இன்றுவரை அடங்கவில்லை. சிவகாசியிலிருந்து நல்ல தாளில், பெரிய அளவில், வண்ணத்தில் லயன், முத்து காமிக்ஸ் இதழ்கள் ஆண்டுக்கணக்காக வந்துகொண்டிருக்கின்றன. ஆனாலும் பழைய வாசகர்களில் பெரும்பாலோர் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். ‘காமிக்ஸ் என்றால் சாணித்தாளில் வந்த மாயாவியும் ஸ்பைடரும்தான். வழவழப்புத் தாளும் வண்ணமும் வந்தபோதே உயிர் போய்விட்டது. இப்போது வருவது காசுள்ளவர்கள் அலமாரியில் அடுக்குவதற்கான பொருள்.’ இதை மறுத்துப் பேசுகிறவரை நேற்று வந்தவர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்த ஆரல்வாய்மொழிக்காரன் நான். இந்தக் கருத்து அடியோடு தவறு என்றே நினைக்கிறேன். அது உண்மைக்கு மாறானது. நாம் கொண்டாடும் அதே நாயகர்களுக்கு இழைக்கும் அநீதியும்கூட.

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். 1972இல் சௌந்திரபாண்டியன் சிவகாசியில் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. 1984இல் அவர் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழில் மாடஸ்டி வந்தாள். அதே ஆண்டில் ஸ்பைடர் வந்தான். சட்டித்தலையன் ஆர்ச்சி வந்தான். மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி மூவரையும் வாசகர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். அதே 1984இல் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் வந்தது. காமிக்ஸ் இதழ்கள் முறுக்கான் கடையில் வாழைக்குலைக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கிய காலம் அது. அதன் அருமையை நான் மறுக்கவில்லை. அந்த அருமைக்கு மட்டமான தாள்தான் காரணம் என்கிற முடிவைத்தான் மறுக்கிறேன்.

முதல் வாதம் விலை. மலிவாக, பெட்டிக்கடையில் கிடைத்ததால் காமிக்ஸ் வாழ்ந்தது, விலை ஏறியதால் வாசகர் வட்டம் சுருங்கியது என்கிறார்கள். நடந்த வரிசை இதற்கு நேர்மாறானது. ராணி காமிக்ஸ் கடைசிவரை மலிவு விலை இதழ்தான். ஒரு கட்டத்தில் மாதம் இரண்டு இதழ்கள் வந்தன. மாநிலத்தின் மூலைமுடுக்கெல்லாம் செய்தித்தாள் கொண்டுசேர்க்கும் நிறுவனம் அதன் பின்னால் இருந்தது. அப்படியிருந்தும் 500 இதழ்களோடு 2005இல் நின்றது. டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964இல் தொடங்கி வேதாளனையும் மாண்ட்ரேக்கையும் இந்திய மொழிகளில் பேசவைத்த இந்திரஜால் காமிக்ஸ் 1990இலேயே மூடப்பட்டது. பணபலமும் இருந்தது, விற்பனை வலையும் இருந்தது, குறைந்த விலையும் இருந்தது. பிழைக்கவில்லை.

லயனும் முத்துவும் 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் எப்படி இருந்தன என்பது பழைய வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும். பத்து ரூபாய் விலை, மங்கிய தாள், எந்த மாதம் வரும், வருமா என்பதே தெரியாது. மலிவு விலை அப்போதும் இருந்தது, சாணித்தாள் அப்போதும் இருந்தது. வாசகர்கள் மட்டும் இல்லை. தொலைக்காட்சியில் கார்ட்டூன் சேனல்கள் வந்துவிட்டன, பெட்டிக்கடைகள் வார இதழ்களைத் தொங்கவிடுவதையே குறைத்துக்கொண்டன, ‘பாடப்புத்தகத்தை எடு’ என்று பெற்றோர்களும் பள்ளிக்கூடங்களும் காமிக்ஸைப் பிடுங்கி வைத்தார்கள். கூட்டம் கலைந்தது 2012க்கு முன்னால். விலை ஏறியது அதற்குப் பின்னால். பின்னால் வந்ததை முன்னால் நடந்ததற்குக் காரணமாக்க முடியாது.

அச்சுத் தொழிலின் கணக்கும் எளிமையானதுதான். வெளிநாட்டுப் பதிப்பகத்திடம் வாங்கும் உரிமை, மொழிபெயர்ப்பு, எழுத்துக்கோப்பு, பக்க அமைப்பு, அச்சுத் தகடு எல்லாம் பிரதி எண்ணிக்கை குறைந்தால் குறையும் செலவுகள் அல்ல. லட்சம் பேர் வாங்கினால் அந்தச் செலவு ஒரு பிரதிக்குக் காசுக்கணக்கில் வரும். சில ஆயிரம் பேர் வாங்கினால் ரூபாய்க்கணக்கில் வரும். விளம்பரமும் கிடையாது. அப்படியானால் சிறிய வட்டத்தை நம்பி நடக்கும் பதிப்பகத்துக்கு இருப்பது ஒரே வழி: சந்தாவை முன்பணமாக வாங்கி, எத்தனை பிரதி வேண்டும் என்று தெரிந்து அச்சடித்து, கொடுக்கும் காசுக்கு நிறைவான புத்தகமாகத் தருவது. மறுவருகை செய்தது அதைத்தான். மட்டமான தாளிலேயே தொடர்ந்திருந்தால் விலை கொஞ்சம் குறைந்திருக்கும், இதழ் நின்றிருக்கும்.

இரண்டாவது வாதம் தாளும் அளவும். எங்கள் ஊர் சாயாக் கடையில், முத்துவின் முதல் இதழ்களைப் படித்த அண்ணாச்சி ஒருவரிடம் மாயாவியின் மறுபதிப்பைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “எலேய் மக்கா, இது கல்யாணப் பத்திரிகை கணக்கா வழவழன்னு இருக்குடே. கையில பிடிச்சா நம்ம மாயாவி மாதிரியே இல்ல, பாத்துக்கோ” என்றார். “அண்ணாச்சி, தாளைத் தடவாதீங்க, படத்தைப் பாருங்க” என்று சொல்லி, பத்திரமாக வைத்திருந்த பழைய இதழையும் பக்கத்தில் விரித்துவைத்தேன். இரண்டிலும் ஒரே கதை.

பழைய இதழில் மாயாவி மறையும் கட்டத்தைப் பாருங்கள். கையடக்க அளவுக்குப் படத்தைச் சுருக்கியதில் ஆய்வுக்கூடத்தின் கம்பிகளும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகிவிட்டன. ஆங்கிலத்தில் இரண்டு வரியில் முடிந்த வசனம் தமிழில் நான்கு வரியானதால் வசனக் குமிழி வீங்கி, படத்தின் கால்பங்கை விழுங்கியிருக்கிறது. தாளின் பின்பக்க மை முன்பக்கம் தெரிகிறது. பெரிய அளவுப் பதிப்பில் அதே கட்டத்தில் கம்பிகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன. ஆளில்லாத வெளியில் இரும்புக்கை மட்டும் ஒரு கைப்பிடியைப் பற்றியிருக்கிறது. விரல் கணுக்களின் இணைப்புகூடத் தெரிகிறது. மாயாவி எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான் என்பதை அந்தக் கையின் சாய்வை வைத்தே கண்டுகொள்ளலாம். உடல் தெரியாத ஒரு மனிதனின் பதற்றத்தை ஒற்றைக் கையால் காட்டிய ஓவியரின் திறமை அது. இத்தனை ஆண்டுகளாக அந்தத் திறமையை நாம் பாதிதான் பார்த்திருக்கிறோம்.

அந்த ஓவியர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ. 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் ‘ஸ்டீல் க்ளா’ என்ற பெயரில் தொடங்கிய தொடருக்கு அவர் வரைந்தார். அந்த இதழின் பக்கம் பெரியது. அந்த அகலத்துக்காகப் போட்ட கோடுகள் அவை. சட்டைப்பைக்குள் அடங்கும் புத்தகமாக அதைச் சுருக்கியது அன்றைய நம் நிலைமைக்கு வேறு வழியில்லாமல் செய்த ஏற்பாடு. அதற்காக சௌந்திரபாண்டியனையும், முத்துவின் ஆரம்ப இதழ்களுக்கு உழைத்த முல்லை தங்கராசனையும் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவர்கள் இல்லாவிட்டால் மாயாவியே தமிழுக்கு வந்திருக்க மாட்டான். ஆனால் வறுமையில் செய்த ஏற்பாட்டையே அழகின் இலக்கணம் என்று பிடித்துக்கொள்வது அந்த முன்னோடிகளுக்கும் பெருமை சேர்க்காது. நல்ல தாளும் இன்றைய அச்சும் அன்று கைக்கு எட்டியிருந்தால் அவர்கள் அதை வேண்டாம் என்றா சொல்லியிருப்பார்கள்?

இங்கிலாந்திலேயே இந்த நாயகர்கள் பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தார்கள். 2005இல் டைட்டன் நிறுவனம் மாயாவிக்கும் ஸ்பைடருக்கும் ஆளுக்கொரு கெட்டி அட்டைத் தொகுப்பு கொண்டுவந்தது. பிறகு ரெபெல்லியன் நிறுவனம் அந்தப் பழைய இதழ்களின் உரிமைகளை வாங்கி, நல்ல அச்சில் மறுபதிப்புகள் போடுகிறது. அங்கே பழைய வார இதழ் உயிரோடு இருந்தது, புத்தகம் செத்துப்போனது என்று யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. பிளாஸ்கோ எப்பேர்ப்பட்ட ஓவியர் என்று வியந்து பேசினார்கள். அவருடைய கதையை 1972 முதல் விடாமல் காப்பாற்றிவந்த மொழி தமிழ். அந்த வியப்பு முதலில் நமக்கு வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாதம்தான் மிகவும் கேடானது. ‘மாயாவியையும் ஸ்பைடரையும் இப்போது படித்தால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது. நினைவில் இருந்தபோதுதான் நன்றாக இருந்தது. மறுபதிப்பு அந்த நினைவையும் கெடுத்துவிட்டது’ என்கிறார்கள். இந்தக் கதைகளை இவர்கள் திரும்பப் படித்தார்களா, அட்டையை மட்டும் பார்த்தார்களா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

மாயாவி தொடக்கத்தில் நல்லவன் இல்லை. லூயிஸ் கிராண்டேல் ஒரு விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஆய்வுக்கூட உதவியாளன். மின்சாரம் பாய்ந்து உடல் மறைந்தபோது அவன் முதலில் போனது குற்றத்தின் பக்கம். யாருக்கும் தெரியாமல் எதையும் செய்யலாம் என்ற நிலை வந்தால் மனிதன் என்ன ஆவான் என்பதுதான் அந்தக் கதையின் முதல் கேள்வி. உளவுப்படையில் சேர்ந்து நாட்டைக் காப்பதெல்லாம் பின்னால் வருகிறது. ஸ்பைடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1965இல் இங்கிலாந்தின் ‘லயன்’ இதழில் டெட் கோவன் எழுத, ரெஜ் பன் வரைய அவன் அறிமுகமானபோதே குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக வேண்டும் என்று புறப்பட்டவன். வலைத் துப்பாக்கியும் ஹெலிகாரும் வைத்துக்கொண்டு நியூயார்க் காவல்துறையை ஆட்டிவைத்தவன். கூட்டாளிகளைக்கூட அவன் முழுதாக நம்புவதில்லை. பிறகு அவன் குற்றவாளிகளுக்கே எதிரியாக மாறுகிறான். அந்த மாற்றத்திலும் பெருந்தன்மை கிடையாது. தன்னைவிடப் பெரிய எத்தன் ஒருவனும் இருக்கக்கூடாது என்ற அகந்தைதான் இருக்கிறது. கோவனுக்குப் பிறகு ஸ்பைடரின் கதைகளை எழுதவந்தவர், 1938இல் சூப்பர்மேனை ஜோ ஷுஸ்டரோடு சேர்ந்து படைத்த ஜெர்ரி சீகல். நல்லவனுக்கெல்லாம் நல்லவனை உருவாக்கிய அதே கைதான் இந்த இருண்ட நாயகனையும் எழுதியது. சிறுவர்களாக நாம் வலைத் துப்பாக்கியைப் பார்த்து வாய்பிளந்தோம். பெரியவர்களாக அந்த அகந்தையைப் பார்க்கிறோம். கதை மாறவில்லை, படிக்கிற நாம் வளர்ந்திருக்கிறோம். அந்த வளர்ச்சிக்கு இடம் கொடுத்தது மறுபதிப்பு. பரணில் கிடந்த நினைவால் அது முடிந்திருக்காது.

உலகில் சூப்பர் ஹீரோக்களைப் புதுப்பித்தபோதெல்லாம் இதே புலம்பல் எழுந்திருக்கிறது. 2011 செப்டம்பரில் அமெரிக்காவின் டிசி நிறுவனம் தன் இதழ்களை நிறுத்தி, 52 தலைப்புகளை முதல் எண்ணிலிருந்து மறுபடி தொடங்கியது. சூப்பர்மேனுக்கும் லோயிஸ் லேனுக்கும் நடந்த திருமணமே நடக்காததாகிவிட்டது. அவனுடைய சிவப்பு ஜட்டியும் போனது. ரசிகர்கள் கொதித்தார்கள். அதில் ஒரு பகுதி நியாயம்தான்; பல பத்தாண்டு உறவுகளை ஒரே நாளில் அழித்தது கதைக்கே இழைத்த தவறு. 2016இல் நிறுவனமே ‘ரீபெர்த்’ என்று பாதையை மாற்றிக்கொண்டது. ஆனால் அதே புதுப்பிப்பில்தான் ஸ்காட் ஸ்னைடர் எழுதி கிரெக் கபுல்லோ வரைந்த பேட்மேன் வந்தது. ஆந்தைகளின் மன்றம் கோத்தம் நகரத்தை மறைவிலிருந்து ஆளும் அந்தக் கதையை இன்று பேட்மேனின் சிறந்த கதைகளில் ஒன்றாக வைக்கிறார்கள். ‘புதியது எல்லாம் மோசம்’ என்று அன்றைக்கே மூடிவைத்தவர்கள் அதை இழந்தார்கள். ஒரு மறுதொடக்கத்தைக் கதை கதையாகத்தான் எடைபோட வேண்டும். மொத்தமாகத் தூக்கி எறிவது விமர்சனம் ஆகாது.

டிசி செய்த தவறை சிவகாசி செய்யவே இல்லை. பழைய எண்களை அழித்து ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. இதழ்களின் வரிசை எண் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. புதிய நாயகனாக லார்கோ வின்ச் வந்தான், மாயாவியை யாரும் வெளியே தள்ளவில்லை. இத்தாலியின் டெக்ஸ் வில்லர் 1985 முதலே நம்மோடு இருப்பவர். மறுவருகைக்குப் பிறகுதான் அவருடைய பெரிய கதைகள் துண்டாகாமல் முழுதாக வந்தன. 2015 முதல் மாயாவி உள்ளிட்ட பழைய முத்து நாயகர்களின் கதைகள் மறுபதிப்பாக வரத்தொடங்கின. முத்துவின் ஐம்பதாம் ஆண்டான 2022இல் வேதாளரும் மாண்ட்ரேக்கும் ரிப் கிர்பியும் திரும்பிவந்தார்கள். பழையதைக் கொன்றுவிட்டார்கள் என்று குற்றம்சாட்டுகிறவர்கள் இந்தப் பட்டியலுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

‘புதிய நாயகர்கள் நம் மண்ணுக்கு ஒட்டவில்லை’ என்ற குறையையும் கேட்கிறேன். மாயாவி லண்டன்காரன், அவனை வரைந்தவர் ஸ்பானியர். ஸ்பைடர் நியூயார்க்கில் அலைந்தவன், இங்கிலாந்தில் பிறந்தவன். ஆர்ச்சி இரும்பு இயந்திரம். இவர்களில் யார் தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூ வாங்கியவர்? பழக்கத்தால் நெருக்கமானவர்களை மண்ணின் மைந்தர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். லார்கோவுக்கும் அந்தப் பழக்கம் வரக் காலம் கொடுக்க வேண்டும்.

இந்தச் சண்டையில் யாரும் பேசாத ஒரு கூட்டம் இருக்கிறது: சிற்றூர் வாசகர்கள். அந்தக் காலம் எல்லோருக்கும் பொற்காலம் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் நகரத்துக் கடைகளில் வாங்கியவர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் காற்றாலைகளுக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்குக் கடைக்கு வந்த ஒன்றிரண்டு பிரதிகளில் ஒன்று கிடைத்தால் உண்டு. முதல் பாகம் படித்த கதைக்கு இரண்டாம் பாகம் வராமலே போகும். பஸ் ஏறி நாகர்கோவில் போனால் ‘நேத்தே தீந்துட்டு’ என்பார்கள். பிறகு அந்த இதழ் வேண்டுமென்றால் சேகரிப்பாளர்களிடம் கைகட்டி நிற்க வேண்டும். சில இதழ்களுக்கு ஆயிரக்கணக்கில் விலை சொன்னார்கள். ஒரு ஏழை வாசகனுக்குக் கிடைக்காத புத்தகம் எப்படி மலிவான புத்தகம் ஆகும்? இன்று சந்தா கட்டினால் சென்னைக்காரருக்குப் போகும் அதே பொட்டலம் எங்கள் வீட்டு வாசலுக்கும் வருகிறது. தவறவிட்ட மாயாவி கதை மறுபதிப்பில் எல்லோருக்கும் ஒரே விலை. பழைய பிரதிகளை வைத்து நடந்த கொள்ளை வியாபாரத்தை மறுபதிப்புகள்தான் உடைத்தன.

எதிர்த்தரப்பில் ஒரு வாதத்துக்கு வலு உண்டு. சிறுவர்கள் வரவில்லை. மறுவருகைக்குச் சந்தா கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் அன்றைய சிறுவர்களான இன்றைய நடுவயதுக்காரர்கள். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு ஒன்றுகூடும் லயன் வாசகர்களைப் பார்த்தாலே நரைத்த தலைகள் அதிகம் என்பது தெரியும். கைச்செலவுக் காசில் ஒரு சிறுவன் தானாக வாங்கும் பொருளாகக் காமிக்ஸ் இன்று இல்லை. இந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் இதற்கு மருந்து மட்டமான தாள் இல்லை. கையில் கைப்பேசி வைத்திருக்கும் சிறுவனிடம், எழுத்து அப்பிப்போன கறுப்புத் திட்டுகளைக் காட்டி ‘இதுதான் எங்கள் பொற்காலம்’ என்றால் அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். லக்கி லூக்கின் வண்ணப் பக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதில்கூட உட்கார்ந்து புரட்டுவான். என் வீட்டுப் பிள்ளைகளிடமும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடமும் நான் கண்டது இதுதான்.

ஆகவே பழைய வாசகர்களிடம் நேராகவே சொல்கிறேன். சண்டை போடுங்கள், ஆனால் சரியான விஷயத்துக்குப் போடுங்கள். வசனத்தில் தமிழ் தடுக்கினால் கேளுங்கள். நல்ல கதை என்ற பெயரில் சுமாரான கதை வந்தால் கேளுங்கள். ஆண்டுக்குச் சில இதழ்களையாவது சிறுவர்களுக்கென்றே சிறிய விலையில் போடச்சொல்லி வற்புறுத்துங்கள். ஊர்ப்புற நூலகங்களில் காமிக்ஸ் வாங்கிவைக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். உங்கள் சேகரிப்பில் இரண்டு பிரதி இருந்தால் ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். ‘எங்கள் காலத்தோடு காமிக்ஸ் முடிந்தது’ என்று பிள்ளைகள் காதுபட இனிச் சொல்லாதீர்கள். அதைக் கேட்டு வளரும் பிள்ளை ஒருநாளும் வாசகனாக மாட்டான். 1972இல் ஒரு வெளிநாட்டு நாயகனை நம்பித் தொடங்கிய முயற்சியைக் கையில் கிடைத்த காசு கொடுத்து வாங்கி வாழவைத்தவர்கள் நாம். அன்று நமக்கு முன்மாதிரி யாரும் இல்லை, பழைய பெருமையும் இல்லை. புதியதைப் படித்துப் பார்க்கும் ஆசை மட்டும் இருந்தது. அந்த ஆசையைத் தொலைத்தவர்கள்தான் உயிர் போய்விட்டது என்கிறார்கள். காமிக்ஸ் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது, படித்துவிட்டுப் பேசுங்கள்.